முற்றத்துப் பத்தியில் கூடுவாய் ஒழுகல்: நாட்டு ஓடு பிரித்து மேய்ந்த பதிவு

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. இரண்டாங்கட்டு (வீட்டின் உள்ளே இரண்டாவது பகுதி) முற்றத்தைச் சுற்றி நாலு பத்தி (தாழ்வாரம்), நாலுக்கும் அரைக்குழாய் மாதிரி வளைந்த நாட்டு ஓடு. வடக்குப் பத்தியின் இரண்டு மூலையிலும் ஐப்பசி பிறந்தால் தண்ணீர் இறங்கும். உடைந்த ஓட்டை மாற்றிப் பார்த்தாயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைக் கலைத்துவிட்டுப் போன பிறகு மூலை முழுக்கச் சிமெண்ட் பூசியும் பார்த்தாயிற்று. கடைசியில் தார்ப்பாய் கட்டி விட்டிருந்தார்கள். மேலே இருந்த ஓட்டில் பெரிய குறை எதுவும் இல்லை. குறை முழுவதும் கூடுவாயிலும், அதாவது இரண்டு பத்தியின் கூரைச் சரிவும் மூலையில் சேருகிற பள்ளத்திலும், அதைத் தாங்குகிற மரத்திலும்தான்.

இந்தத் தடவை வடக்குப் பத்தியை முழுதாகப் பிரித்து, மரத்தைச் சரிசெய்து, இரண்டு கூடுவாய்க்கும் புதுத் தகரம் போட்டு, பழைய ஓட்டையே திரும்ப மேய்ந்தோம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையும் தாண்டிவிட்டது. ஒழுகவில்லை. ஆசாரி ஒருவர், ஓடு மேய்கிற பெரியவர் ஒருவர் தவிர மற்ற எல்லாரும் வீட்டு ஆட்கள்தான். இதே மாதிரி முற்றம் வைத்த வீடு இந்தப் பக்கம் ஏராளம் இருப்பதால் அளவுகளோடு எழுதி வைக்கிறோம்.

முதலில் அளவு

பத்தியின் அகலம் தரைமட்டத்தில் 8 அடி. சுவர்ப் பக்கம் ஓடு தொடங்கும் உயரத்துக்கும் முற்றத்துப் பக்கம் முடியும் உயரத்துக்கும் வித்தியாசம் 4 அடி. ஆக, சரிவின் நீளம் 9 அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. முற்றத்துப் பக்க நீளம் 18 அடி, சுவர்ப் பக்கம் 34 அடி. மொத்தம் 234 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடுவாயின் நீளம் ஒவ்வொன்றும் 12 அடி. இதன் சரிவுதான் முக்கியம். ரசமட்டத்தைப் பிடித்துப் பார்த்தால் ஓட்டுச் சரிவு 2 அடிக்கு 12 அங்குலம் இறங்குகிறது. அதே 2 அடிக்குக் கூடுவாய் இறங்குவது எட்டரை அங்குலம் மட்டுமே. இரண்டு பத்தியின் தண்ணீரும் வந்து சேருகிற இடம், கூரையிலேயே சரிவு குறைந்த இடமாகவும் இருக்கிறது. மூலைவாட்டில் ஓடுவதால் இது எந்த வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், மாற்ற முடியாது. அதனால் கூடுவாய் அகலமாக, தடையில்லாமல், தண்ணீர் பக்கவாட்டில் ஏறினாலும் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும்.

பழைய கூடுவாயைத் திறந்து பார்த்தபோது தகரம் 14 அங்குல அகலம்தான் இருந்தது. நடுவிலேயே ஆணி அடித்து, ஆணி போன துளையெல்லாம் துரு தின்று கட்டைவிரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. இரண்டு பக்க ஓட்டையும் சிமெண்டால் ஒட்டியதில் தண்ணீர் போகிற வழி 2 அங்குலமாகச் சுருங்கி, அதில் வேப்பிலை அடைத்து மண்ணாகிக் கிடந்தது. பெருமழையில் தண்ணீர் தேங்கி, ஓட்டுக்கு அடியில் ஏறி, கூடுவாயைத் தாங்குகிற மூலைக்கைமரத்தில் இறங்கியிருக்கிறது. தார்ப்பாய் அந்த ஈரத்தைக் காயவிடாமல் பொத்தி வைத்தது.

மேலே உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒழுகல் தெரிகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் ஒன்றல்ல. சரிவுவாட்டில் போகிற கைமரத்தின் அடிப்பக்கமாகவே தண்ணீர் வழிந்து வந்து, அதன் மேல் ஓட்டைத் தாங்க அடித்த ரீப்பர் சட்டம் குறுக்கிடும் இடத்தில் சொட்டும். இங்கே சொட்டிய இடத்துக்கும் தண்ணீர் நுழைந்த இடத்துக்கும் நாலு அடி தூரம்.

யார் எங்கே

பத்தியின் முற்றத்து விளிம்பு தரையிலிருந்து 9 அடி, சுவர்ப் பக்கம் 13 அடி. அவ்வளவுதானே என்று ஏறுகிற உயரம்தான் இது. முற்றத்துக் கல் தளத்தில் விழுந்தால் இடுப்பு போய்விடும். மேலே ஏறியவர்கள் எந்நேரமும் இரண்டே பேர்: ஓடு மேய்கிற பெரியவர் ஒருவர், வீட்டு ஆட்களில் எடை குறைந்த தம்பி ஒருவர். இரண்டு பேருக்கும் முழு உடம்புச் சேஃப்டி பெல்ட். கயிற்றைக் கட்டும் இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிக்கிற கூரையின் கைமரத்தில் கட்டக்கூடாது. எதிர்ப் பத்தித் தூணில் கட்டினால் விழுகிற பக்கமே கயிறும் போகும், பயனில்லை. பத்திக்கு மேலே இருக்கும் மெத்தை (மாடி) அறைச் சன்னலின் உட்புறம், சன்னலைவிட நீளமான 4 அங்குலச் சதுர மரத்தைக் குறுக்கே வைத்து அதில் கட்டினோம். கயிறு 14 மி.மீ. நைலான். விளிம்புக்கு அரையடி முன்னாலேயே இழுத்துப் பிடிக்கிற நீளத்துக்கு முடிச்சு. சன்னல் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் சாக்குச் சுற்ற வேண்டும்.

ஏணியின் அடி சுவரிலிருந்தோ விளிம்பிலிருந்தோ உயரத்தில் கால்வாசி தூரம் தள்ளி நிற்க வேண்டும். 9 அடிக்கு இரண்டேகால் அடி. மேலே விளிம்பைத் தாண்டி 3 அடி நீட்டிக்கொண்டு இருந்தால்தான் இறங்கும்போது பிடிக்க ஏதாவது கிடைக்கும்.

நாட்டு ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. சீமை ஓடு (தட்டையான மங்களூர் ஓடு) என்றால் ரீப்பர் இருக்கும் வரிசையில், ஓடு மேல் ஓடு ஏறும் இடமாகப் பார்த்து மிதிக்கலாம். நாட்டு ஓடு கவிழ்ந்து கிடப்பதால் குதிகால் பட்டதும் நடுவில் விரியும். சாக்கை விரித்து அதன் மேல் மூங்கில் ஏணியைப் படுக்கப் போட்டு, ஏணியின் தலையை மேலே கயிற்றால் கட்டி, ஏணிப் படியில் மட்டும் நடக்க வேண்டும்.

கீழே ஐந்தடி உயரத்தில் சாரம் கட்டிப் பலகை போட்டோம். மேலே இருப்பவர் கொடுக்க, சாரத்தில் அண்ணன் வாங்கி, தரையில் நிற்கும் மச்சானிடம் தர, அவர் கொண்டுபோய் அடுக்குவார். பத்துப் பத்து ஓடாகக் கூடையில். நாட்டு ஓடு ஒன்று அரைக் கிலோ. கூடை 5 கிலோ. இருபது வைத்தால் வேகமாகும் என்று தோன்றும், ஆனால் கை அயர்ந்ததும் உடைகிற ஓடு அதிகமாகி மிச்சப்படுத்திய நேரமெல்லாம் போய்விடும். முற்றத்தில் அந்தப் பக்கம் யாரும் நடக்காமல் கயிறு கட்டி மறித்தாயிற்று. மேலிருந்து எது நழுவினாலும் "ஓடு!" என்ற ஒரே சத்தம், கேட்டவர்கள் அண்ணாந்து பார்க்காமல் பத்திக்குள் ஒதுங்க வேண்டும். இதை முன்கூட்டியே எல்லாருக்கும், முக்கியமாகச் சின்னவர்களுக்கு, இரண்டு தடவை செய்து காட்டிவிட வேண்டும்.

வைகாசி விடுமுறையில்தான் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். அந்த வெயிலில் பத்து மணிக்கு மேல் ஓட்டில் கை வைக்க முடியாது. காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகல் முழுவதும் நிழலில் செய்கிற வேலைக்கு: ஓடு தேய்ப்பது, தரம் பிரிப்பது, ரீப்பருக்கு எண்ணெய் அடிப்பது. ஆவணி, புரட்டாசிக்குத் தள்ளினால் சாயங்காலம் திடீரென்று இடிமழை வரும். பிரித்த கூரை நனைந்துவிடும். எந்த மாதமாக இருந்தாலும் ஒரே நேரத்தில் பிரிப்பது, மாலைக்குள் தார்ப்பாயால் மூடக்கூடிய அளவு மட்டுமே.

பிரித்தல்

மேலிருந்து கீழாகத்தான் பிரிக்க வேண்டும். கவிழ்த்த ஓடு முதலில், மல்லாத்திய ஓடு அடுத்து. இரண்டையும் தனித்தனியாக அடுக்க வேண்டும். பல வருடம் ஒரே நிலையில் கிடந்த ஓட்டில் ஒரு பக்கம் பாசி, மறுபக்கம் சுத்தம். திரும்ப அதே நிலையில் வைத்தால் நன்றாக உட்காரும்.

சிமெண்ட் பூசிய இடத்தில்தான் சேதம். உளியால் தட்டினால் சிமெண்ட் விடாது, ஓடுதான் உடையும். கூடுவாய் ஓரத்தில் இருந்த ஓடுகளில் பாதிக்கு மேல் இப்படிப் போயின. சுண்ணாம்புக் காரை போட்டிருந்த இடத்தில் கொத்துக்கரண்டியின் முனையை விட்டு நெம்பியதுமே ஓடு முழுசாக வந்தது. ஓட்டு வேலையில் சிமெண்ட் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

234 சதுர அடியில் ஏறத்தாழ 3,400 ஓடு இருந்தது. இங்குள்ள ஓட்டின் நீளம் 8 அங்குலம், அகன்ற வாய் நாலரை, குறுகிய வாய் மூன்றரை. பாதிக்குப் பாதி ஏற்றி மேய்ந்தால் ஒரு வரிசைக்கு 4 அங்குலம் வெளியே தெரியும். மேலிருந்து கீழாக இறங்கும் ஓட்டு வரிசைதான் சரம்; சரத்துக்குச் சரம் 5 அங்குலம். சதுர அடிக்கு 14 முதல் 15 ஓடு. எடை சதுர அடிக்கு 7 கிலோ, மொத்தம் ஒன்றே முக்கால் டன் அளவுக்கு வரும். இவ்வளவையும் கழற்றி ஒரே இடத்தில் குவித்தால் அடியில் உள்ளது நொறுங்கும். செங்குத்தாக, ஒன்றை ஒன்று ஒட்டி நிறுத்தி, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வைத்தோம்.

தரம் பார்ப்பது அப்பத்தா. பத்தி ஓரத்தில் உட்கார்ந்து இடது கையில் ஓட்டின் குறுகிய முனையை இரண்டு விரலால் மட்டும் தொங்கப் பிடித்து, வலது கையில் இருக்கும் நல்ல ஓட்டின் விளிம்பால் நடுவில் ஒரு தட்டு. கணீரென்றால் வலப்பக்கம். "சொத்துன்னு கேக்குதுப்பா, தள்ளிப் போடு" என்றால் இடப்பக்கம். உள்ளங்கையில் வைத்துத் தட்டினால் நல்ல ஓடும் மந்தமாகத்தான் கேட்கும். தொங்கவிட்டுத் தட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும். சந்தேகமானவற்றைத் தொட்டித் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு எடை பார்த்தோம். அரைக் கிலோ ஓடு 100 கிராமுக்கு மேல் குடித்தால் வேண்டாம்.

பிள்ளைகள் தென்னை நார் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தார்கள். கம்பி பிரஷ் வேண்டாம். மேல்தோல் உரிந்து ஓடு இன்னும் தண்ணீர் குடிக்கும். ஐந்தில் ஒன்று கழிந்தது. 800 ஓடு வெளியே வாங்க வேண்டியிருந்தது. புது ஓடு இதே அளவில் கிடைப்பது கஷ்டம், பழைய வீடு இடித்த ஓடுதான் சரிப்படும். வாங்கப் போகும்போது நம்முடைய ஓடு இரண்டைக் கையோடு கொண்டுபோய், மேல் வைத்துப் பொருத்திப் பார்த்து எடுக்க வேண்டும். அகலம் அரை அங்குலம் கூடினாலும் சரம் கோணிவிடும். கலந்து மேயவும் கூடாது. வாங்கியது எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சேர்த்து மேய்ந்தால் வித்தியாசம் ஒரே இடத்தோடு போகும்.

மரம்

கூர்மையான ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். கைமரத்தைச் சுவருக்குள் நுழையும் இடத்திலும் முற்றத்து விட்டத்தில் உட்காரும் இடத்திலும் குத்திப் பார்க்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் சாதாரணமாக இறங்கினால் அந்த இடம் போயிற்று. கைமரம் பர்மாத் தேக்கு, எல்லாம் கல்லாக இருந்தன. பனங்கை போட்ட வீடு என்றால் குத்திப் பார்ப்பது போதாது. பனையில் வெளியே கறுப்பு வைரம் அப்படியே இருக்க, உள்ளே சோற்றுப் பகுதியைப் பூச்சி தின்றிருக்கும். சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் கூடான இடத்தில் சத்தம் மாறும்.

இரண்டு மூலைக்கைமரத்திலும் முற்றத்துப் பக்க முனை ஒன்றரை அடிக்கு உளுத்திருந்தது. மூலைக்கைமரம் 5 அங்குல ஆழம், 3 அங்குல அகலம். முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை. கெட்டதை வெட்டிவிட்டு, நல்ல மரம் தொடங்கும் இடத்தில் சாய்வெட்டாக ஒட்டுப் போட்டார் ஆசாரி. ஒட்டின் நீளம் மர ஆழத்துக்கு நாலு மடங்கு, அதாவது 20 அங்குலம். 10 மி.மீ. போல்ட் இரண்டு, பெரிய வாஷரோடு. ஒட்டு மரமும் இடித்த வீட்டுத் தேக்குதான். ஈரம் காயாத புது மரத்தைப் பழைய தேக்கோடு ஒட்டினால் புதுசு சுருங்கி இடைவெளி விடும்.

வெட்டுவதற்கு முன்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். சென்ட்ரிங் கடையில் ஜாக்கி முட்டு இரண்டு வாடகைக்கு எடுத்தோம். பத்தியில் ஆத்தங்குடித் தளம். அதன் மேல் இரும்புத் தட்டை நேராக வைத்தால் பூ வேலை செய்த மேல்தோல் நசுங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சாக்கு, அதன் மேல் 2 அங்குலப் பலகை, அதன் மேல் முட்டு. தொய்ந்த மரத்தை ஒரேயடியாக நிமிர்த்தப் பார்க்கக்கூடாது. பாரம் முட்டுக்கு மாறும் அளவுக்கு, கால் அங்குலம் தூக்கினால் போதும்.

ரீப்பர் 4 அங்குலத்துக்கு ஒன்றாக 27 வரிசை, மொத்தம் 700 அடி. மாற்றியது 260 அடி, பெரும்பாலும் கூடுவாய் ஓரத்தில். புது ரீப்பரில் நாலு பக்கமும் வெட்டு முனையிலும் முந்திரிக்கொட்டை எண்ணெய். பூச்சி அண்டாது, ஈரமும் ஏறாது. ஆனால் தோலில் பட்டால் புண்ணாகிவிடும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை; காயும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. ரீப்பர் அடித்து முடித்ததும் மேலிருந்து கீழ் வரை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு ரீப்பர் கால் அங்குலம் பள்ளமாக இருந்தாலும் அந்த வரிசை ஓடு பின்பக்கம் சாய்ந்து தண்ணீரை உள்ளே வாங்கும்.

கூடுவாய்த் தகரம்

24 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகரம், 8க்கு 4 அடித் தாள் இரண்டு. நீளவாட்டில் இரண்டாகக் கிழித்தால் 2 அடி அகலத்தில் நாலு துண்டு. ஒரு கூடுவாய்க்கு 8 அடித் துண்டு ஒன்று, ஐந்தேகால் அடித் துண்டு ஒன்று. 9 அங்குலம் ஏற்றி வைத்தால் பன்னிரண்டரை அடி வரும்: கூடுவாய்க்கு 12, கீழே முற்றத்துப் பக்கம் 3 அங்குல நீட்டம், மேலே சுவர் மூலையில் மடக்க 3 அங்குலம். மேல் மடிப்பு 6 அங்குலம் இருந்திருந்தால் இன்னும் நல்லது. சாதாரணமாக 6 அங்குல ஏற்றம் போதும் என்பார்கள். கூடுவாய்ச் சரிவு குறைவு என்பதால்தான் 9. கீழ்த் துண்டை முதலில் வைத்து, மேல் துண்டு அதன் மேல் ஏற வேண்டும்.

இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் மேல்நோக்கி உள்பக்கமாக மடக்கச் சொல்லி தகரக் கடையில் கொடுத்தோம். தண்ணீர் பக்கவாட்டில் ஏறினாலும் இந்த மடிப்பு திருப்பிவிடும். பழைய தகரத்தில் இந்த மடிப்பே கிடையாது.

தகரத்துக்கு அடியில் ஒரு அங்குல வேப்பம்பலகை, மூலைக்கைமரத்தின் இரண்டு பக்கமும் 10 அங்குல அகலத்துக்கு. பலகை இல்லாமல் ரீப்பர் மேலேயே தகரம் போட்டால் ரீப்பருக்கு ரீப்பர் தொய்ந்து குட்டை கட்டும். தகரத்தின் அடிப்பக்கத்தில் தார் பெயிண்ட் இரண்டு பூச்சு. மேல் பக்கத்திலும் ஓட்டுக் காரை படக்கூடிய ஓரத்துக்கு மட்டும் தார் பெயிண்ட் வேண்டும். ஈரச் சுண்ணாம்போ சிமெண்டோ துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். அலுமினியத் தகரத்துக்கும் இதே கதிதான்.

தகரத்தில் ஆணி அடிக்கவே இல்லை. மிச்சத் தகரத்தில் 2 அங்குல அகலத்தில் வெட்டிய கிளிப்புகள், ஒரு முனை ஓர மடிப்பில் மாட்டி, மறுமுனை பலகையில் ஆணி. ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் தலைப்பில் மட்டும் இரண்டு ஆணி, அதுவும் அடுத்த தகரமோ ஓடோ மூடும் இடத்தில். வெயிலுக்கும் இரவுக்கும் 12 அடி இரும்புத் தகரம் 2 மி.மீ. வரை நீண்டு சுருங்கும். நடுவில் ஆணி அடித்துப் பூட்டினால் அந்த அசைவில்தான் ஆணித் துளை விரிகிறது.

மேய்தல்

கீழ் விளிம்பில் முதல் வரிசைக்கு ஒரு ஓட்டுக் கனம் உயரமாகச் சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஓடு கீழே கவிழ்ந்து, அடுத்த வரிசைகள் எல்லாம் அதைப் பின்பற்றும்.

மல்லாத்தி வைக்கிற ஓட்டில் குறுகிய வாய் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும்; அப்போதுதான் அது கீழே உள்ள ஓட்டின் அகன்ற வாய்க்குள் அடங்கும். கவிழ்த்து வைக்கிற ஓட்டில் நேர்மாறு: அகன்ற வாய் கீழே. புதிதாக அடுக்கக் கற்றுக்கொண்ட தம்பிமார்கள் தடுமாறுகிற இடம் இதுதான். ஒரு ஓடு திரும்பிவிட்டால் அதற்கு மேல் வருவது எல்லாம் உட்காராமல் ஆடும். ஆடுகிற ஓட்டைப் பார்த்தால் அதைச் சரிசெய்ய முயலாமல், கீழே இரண்டு வரிசை எடுத்துப் பார்க்க வேண்டும். தப்பு அங்கேதான் இருக்கும்.

சரத்துக்குச் சரம் 5 அங்குலத்தில் நூல் அடித்து, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போனோம். ஓரத்திலிருந்து தொடங்கினால் மறு ஓரத்தில் மிச்சப்படும் வித்தியாசம் முழுவதும் ஒரு கூடுவாயில் வந்து விழும்.

கூடுவாய் ஓரத்தில் ஓட்டை மூலைவாட்டில் வெட்ட வேண்டும். முழு ஓட்டைத் தகரத்தின் மேல் வரை அடுக்கிவிட்டு, நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 4 அங்குலம் விட்டுக் காவிப்பொடி நூல் அடித்து, ஒவ்வொரு ஓட்டுக்கும் பென்சிலால் எண் போட்டு, இறக்கி, தரையில் வைத்து வெட்டி, எண்படி திரும்ப வைத்தோம். ஆக, திறந்த வழி 8 அங்குலம்; இரண்டு பக்கமும் ஏழரை அங்குலத் தகரம் ஓட்டுக்கு அடியில். 8 அங்குலம் இருந்தால் துடைப்பம் நுழையும். கட்டிங் மெஷினைக் கூரையில் வைத்து ஓட்டக்கூடாது. பொறியும் தூளும் தகரத்தில் விழும், கை நழுவினால் தகரமே கிழியும். ஓட்டை நனைத்து வெட்ட வேண்டும், முகத்தில் மாஸ்க் கட்டாயம்.

வெட்டிய துண்டு பாதிக்குக் கீழே போனால் தனியாக நிற்காது. அந்தத் துண்டைத் தவிர்த்து, அதற்கு மேல் உள்ள ஓட்டைச் சேர்த்துப் பெரிய துண்டாக வெட்டிக்கொள்வது நல்லது. முடியாத இடத்தில் ஓட்டில் துளை போட்டு ஜிஐ கம்பியால் ரீப்பரில் கட்டினோம். குரங்கும் மயிலும் கூடுவாய் ஓரத்தில்தான் முதலில் கலைக்கும்.

சுவர்ப் பக்கம் ஓடு முடிகிற இடத்தில் சுவரிலிருந்து ஒரு வரிசைச் செங்கல் வெளியே நீட்டி விட்டிருக்கிறார்கள். கடைசி வரிசை ஓடு அந்த நீட்டத்துக்கு அடியில் போக வேண்டும். இடைவெளிக்குச் சுண்ணாம்புக் காரை: நீற்றிய சுண்ணாம்பு ஒன்று, சலித்த மணல் மூன்று, கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரில் கொஞ்சம் கருப்பட்டி கரைத்துக் குழைத்தது. இரண்டு தடவையாக, சரிவாகப் பூசி, ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் காயவிடாமல் வைத்தோம். சுண்ணாம்பு வேலையில் அவசரப்பட்டு வெயிலில் விட்டால் மயிரிழை விரிசல் நிச்சயம்.

சோதனை

தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட வேண்டும். முதலில் கூடுவாயின் கடைசி 3 அடிக்கு மட்டும் கால் மணி நேரம், பிறகு அதற்கு மேல் 3 அடி, இப்படி. உச்சியிலிருந்து ஊற்றினால் எங்கே நுழைகிறது என்றே தெரியாது. பத்திக்குள் ஒருவர் டார்ச்சும் சாக்பீஸுமாக நின்று, ஈரம் தெரிந்த ரீப்பரில் கோடு போட வேண்டும். கிழக்குக் கூடுவாயின் மேல் தலைப்பில் ஈரம் தெரிந்தது. மேல் மடிப்பு 3 அங்குலம் போதாமல் சுவர் மூலையில் தண்ணீர் தெறித்து ஏறியிருக்கிறது. மிச்சத் தகரத்தில் 6 அங்குல உயரத்துக்கு ஒரு மூலைத் துண்டு மடக்கிச் சுவர்க்காரைக்குள் ஒரு அங்குலம் காடி வெட்டிச் செருகியதும் நின்றது. மேற்கிலும் அப்படியே போட்டுவிட்டோம்.

செலவு

பழைய ஓடு 800, ஒன்று 8 ரூபாயாக 6,400, வண்டிக்கூலி 1,200. தகரம் 28 கிலோ 2,940, மடக்கக் கூலி 600. ஒட்டுக்குத் தேக்கு 2,900. வேப்பம்பலகை 4,200. ரீப்பர் 260 அடி, அடி 18 ரூபாயாக 4,680. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி 1,300. போல்ட், ஆணி, தார் பெயிண்ட், கட்டிங் பிளேடு, ஜாக்கி வாடகை 1,850. முந்திரிக்கொட்டை எண்ணெய் 650. சேஃப்டி பெல்ட் இரண்டும் கயிறும் 4,000. ஆசாரிக்கு 5,200, ஓடு மேய்ந்தவருக்கு 4,800. மொத்தம் 40,720. நாலு பங்குக்கு ஆளுக்கு 10,180. பில்லை அன்றன்றே படம் எடுத்து நாலு வீட்டுக்கும் அனுப்பிவிட்டதால் கடைசியில் பேச்சே எழவில்லை. பொது வீட்டு வேலையில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும் போட்டது அடுத்த பத்திக்கும் ஆகும். சித்தாள் கூலி முழுவதும் மிச்சம். ஆனால் வீட்டு ஆட்களை நம்பி ஆசாரியையும் ஓடு மேய்பவரையும் விட்டுவிடக்கூடாது. சாய்வெட்டு ஒட்டும் கூடுவாய் ஓரமும் பழகிய கைக்கே வரும்.

தெற்குப் பத்தியை அடுத்த வைகாசியில் எடுக்கிறோம். அதில் தகரம் இதைவிடக் கனமான 22 கேஜுக்குப் போகும்; விலை வித்தியாசம் ஆயிரத்துக்குள், ஓட்டை எடுத்து மாற்றுகிற கூலியோடு பார்த்தால் ஒன்றுமில்லை. மேல் மடிப்பு தொடக்கத்திலேயே 6 அங்குலம். அதற்குக் கூடுவாய்க்கு இரண்டாவது துண்டு ஐந்தரை அடியாக வெட்ட வேண்டும். சுண்ணாம்பை இரண்டு வாரம் முன்னாலேயே தொட்டியில் ஊறப்போட வேண்டும். ஓடு இறக்க அதே கூடை, அதே பத்து ஓடு. 200 ஓடு கூடுதலாக வாங்கி இரண்டாங்கட்டு அறையில் நிறுத்தி வைக்க வேண்டும், இதே அளவு ஓடு வருடத்துக்கு வருடம் கிடைப்பது குறைகிறது. கூடுவாய் இரண்டையும் புரட்டாசிக் கடைசியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும். ஏணியும் பெல்ட்டும் அதற்கும் உண்டு.